சமையலறை மறுசீரமைப்பு (ஐக்கிய அமெரிக்கா)

சமையலறை மறுசீரமைப்பு என்பது ஏற்கெனவே உள்ள ஒரு வீட்டின் சமையலறையில் அலமாரிகள், சமையல் மேடை, தரை, குழாய்கள், மின்கம்பிகள், காற்றோட்ட வசதி, சமையல் கருவிகள் ஆகியவற்றுள் சிலவற்றையோ அனைத்தையுமோ அகற்றிவிட்டுப் புதிதாக அமைக்கும் பணியைக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவில் வீட்டுப் புதுப்பிப்புப் பணிகளுள் மிகுந்த பொருட்செலவு பிடிப்பவற்றில் இதுவும் ஒன்று. உணவகங்களில் பயன்படும் அடுப்புகளின் தோற்றமும் ஆற்றலும் கொண்ட உயர்விலைக் கருவிகளை வீட்டில் பொருத்தும் வழக்கம் அந்நாட்டில் 1980களின் இறுதியில் தொடங்கிப் பரவியது.

இத்தகைய கருவிகளைத் தெரிவு செய்யும்போது, கருவியின் விலையைக் காட்டிலும் அது வேண்டிநிற்கும் எரிவாயுக் குழாய், மின்சுற்று, காற்றுவழி ஆகியவையே வீட்டின் பாதுகாப்பையும் மொத்தச் செலவையும் பெரிதும் தீர்மானிக்கின்றன. எனவே கருவிகளை முதலில் முடிவு செய்து, அவற்றின் அளவுக்கேற்ப அலமாரிகளைப் பின்னர் வரைவதே முறையான வரிசையாகும். நடைமுறையில் அலமாரியின் நிறமும் மேடைக்கல்லும் முதலில் முடிவாகி, அடுப்பு கடைசியில் தேடப்படுவதும் உண்டு. பணி நடுவில் ஏற்படும் பல சிக்கல்களுக்கு இதுவே காரணம்.

வரலாறு

19ஆம் நூற்றாண்டின் அமெரிக்கச் சமையலறை நடுவில் ஒரு மேசை, சுவரோரம் தனித்தனி மரப்பேழைகள், விறகு அல்லது நிலக்கரி அடுப்பு ஆகியவற்றைக் கொண்ட அறையாக இருந்தது. கேத்தரின் பீச்சரும் அவருடைய தங்கை ஹாரியட் பீச்சர் ஸ்டோவும் 1869இல் வெளியிட்ட "அமெரிக்கப் பெண்ணின் இல்லம்" என்னும் நூலில், நீராவிக் கப்பலின் சமையலறையை முன்மாதிரியாகக் காட்டி, எல்லாம் கைக்கெட்டும் தொலைவில் அமைந்த சிறிய சமையலறையை முன்மொழிந்தனர். தொழிற்சாலைப் பணிகளை அளந்து சீர்செய்த பிரெடரிக் டெய்லரின் முறைகளை வீட்டு வேலைக்குப் பொருத்தி, கிறிஸ்டீன் பிரெடரிக் 1912இல் ஒரு மகளிர் இதழில் தொடர் எழுதினார். செருமனியின் பிராங்க்ஃபர்ட் நகரில் மார்கரெட் சூட்டே-லிகோட்ஸ்கி 1926இல் வடிவமைத்த பிராங்க்ஃபர்ட் சமையலறையில் இச்சிந்தனையின் தாக்கம் உண்டு. சுமார் 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்ட அச்சமையலறை ஏறத்தாழ 10,000 குடியிருப்புகளில் அமைக்கப்பட்டது.

அமெரிக்காவில் பொறியாளரும் உளவியலாளருமான லிலியன் கில்பிரெத், 1929இல் புரூக்ளினில் உள்ள எரிவாயு நிறுவனம் ஒன்றுக்காக, நடையைக் குறைக்கும் சமையலறை ஒன்றை வடிவமைத்துக் காட்டினார். 1940களில் இலினாய் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகள் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, குளிர்சாதனப் பெட்டி ஆகிய மூன்றையும் இணைக்கும் "பணி முக்கோணம்" என்னும் கருத்தைப் பரப்பின. இதன்படி முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கமும் 4 முதல் 9 அடி வரையிலும், மூன்றின் கூட்டுத்தொகை 26 அடிக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். ஒருவர் மட்டும் சமைக்கும் சிறிய அறைக்கு இவ்விதி இன்றும் பொருந்தும். இருவர் சேர்ந்து சமைக்கும் அறைக்கு நடைவழியின் அகலமே முதன்மையானது. ஒருவருக்கு 42 அங்குலமும் இருவருக்கு 48 அங்குலமும் பரிந்துரைக்கப்படுகின்றன.

சமையலறை அரசியலிலும் இடம்பெற்றது. 1959ஆம் ஆண்டு சூலை 24 அன்று மாஸ்கோவில் நடந்த அமெரிக்கக் கண்காட்சியில், துணைக் குடியரசுத் தலைவர் ரிச்சர்ட் நிக்சனும் சோவியத் தலைவர் நிகிதா குருசேவும் ஒரு மாதிரி வீட்டின் சமையலறையில் நின்று தத்தம் நாட்டு முறைகளைப் பற்றி வாதிட்டனர். இது "சமையலறை விவாதம்" என அறியப்படுகிறது.

உயர்விலைக் கருவிகளின் தோற்றம்

உணவக அடுப்புகளை வீட்டில் நேரடியாகப் பொருத்துவது இடர் மிகுந்தது. அவற்றின் பக்கவாட்டில் போதிய வெப்பக்காப்பு இருப்பதில்லை. ஆதலால் அருகிலுள்ள மர அலமாரியும் சுவரும் தீப்பற்றக்கூடும். கட்டட ஒப்பந்தக்காரரான பிரெட் கார்ல், இக்குறையை நீக்கி, உணவக அடுப்பின் ஆற்றலும் வீட்டுக்குரிய பாதுகாப்பும் கொண்ட அடுப்பை உருவாக்கினார். மிசிசிப்பி மாநிலத்தின் கிரீன்வுட் நகரைச் சார்ந்த அவருடைய வைக்கிங் நிறுவனம் 1987இல் முதல் அடுப்புகளை விற்பனைக்கு அனுப்பியது. விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் 1945இல் வெஸ்டி பாக்கி தொடங்கிய சப்-சீரோ நிறுவனம், அலமாரியோடு அலமாரியாகப் பொருந்தும் குளிர்சாதனப் பெட்டிகளால் பெயர்பெற்றது. அது 2000ஆம் ஆண்டில் உல்ஃப் நிறுவனத்தின் வீட்டு அடுப்புப் பிரிவை வாங்கியது.

வணிகப் பெயர்கள் பலவாயினும் உரிமையாளர்கள் சிலரே. தெர்மடார், காகெனாவ், பாஷ் ஆகிய மூன்றும் ஒரே செருமானியக் குழுமத்தைச் சேர்ந்தவை. கிச்சன்எய்ட், ஜென்ஏர் ஆகியவை வேர்ல்பூல் நிறுவனத்துக்கு உரியவை. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் வீட்டுக் கருவிப் பிரிவு 2016இல் சீனாவின் ஹையர் நிறுவனத்திடம் சென்றது. 1899இல் தொடங்கப்பட்ட செருமனியின் மீலெ நிறுவனம் இன்றும் நிறுவனர் குடும்பங்களின் கையில் உள்ளது. ஒரே குழுமத்தின் இரு பெயர்களில் வரும் பாத்திரங்கழுவிகளின் உள்ளமைப்பு பெரிதும் ஒத்திருந்து, கதவும் கைப்பிடியும் விலையும் மட்டும் வேறுபடுவதும் உண்டு.

உயர்ந்த விலை குறைபாடின்மைக்குச் சான்றாகாது. வைக்கிங் எரிவாயு அடுப்புகள் சில தாமாகவே எரியத் தொடங்கியதால் 2015இல் திரும்பப் பெறப்பட்டன. இக்குறைபாட்டை உரிய காலத்தில் தெரிவிக்கவில்லை என்னும் குற்றச்சாட்டின் தொடர்பில் 2017இல் அந்நிறுவனம் 46.5 இலட்சம் டாலர் தண்டத்தொகை செலுத்த உடன்பட்டது.

அடுப்பு

அமெரிக்க வீடுகளில் மேலே சுடர்முனைகளும் கீழே ஓவனும் ஒன்றாக இணைந்த அடுப்பே வழக்கமானது. இதன் பொது அகலம் 30 அங்குலம் (76 செ.மீ.). உயர்விலை வகைகள் 36, 48, 60 அங்குல அகலங்களிலும் கிடைக்கின்றன. எரிவாயு அடுப்பின் ஆற்றல் மணிக்கு இத்தனை பி.டி.யு. என அளக்கப்படுகிறது, 3,412 பி.டி.யு. ஒரு கிலோவாட் மணிக்குச் சமம். பொது அடுப்பின் சுடர்முனை மணிக்கு 9,000 முதல் 12,000 பி.டி.யு. வரை வழங்கும். உயர்விலை அடுப்புகளில் இது 15,000 முதல் 23,000 வரை உள்ளது.

இங்கு ஓர் எளிய கணக்கு பயன்தரும். தலா 18,000 பி.டி.யு. கொண்ட ஆறு சுடர்முனைகளும் 30,000 பி.டி.யு. ஓவனும் சேர்ந்தால் மணிக்கு 1,38,000 பி.டி.யு. ஆகிறது. இது ஒரு நடுத்தர வீட்டைக் குளிர்காலம் முழுதும் சூடேற்றும் உலையின் அளவை ஒத்தது அல்லது மிஞ்சியது. பழைய அடுப்புக்கென இடப்பட்ட அரை அங்குலக் குழாய், குறிப்பாக அளவியிலிருந்து நெடுந்தொலைவு வருமாயின், இதற்குப் போதாமல் போகலாம். அப்போது அடித்தளம் வரை குழாயை மாற்ற நேரும். சில வேளைகளில் எரிவாயு அளவியையும் மாற்ற வேண்டியிருக்கும்.

ஆற்றல் மிகுந்த சுடரைவிட, அணையாமல் மிகச் சிறிதாக எரியும் சுடரே பலருக்கு அன்றாடம் பயன்படுகிறது. பால் காய்ச்சுதல், குழம்பை நெடுநேரம் கொதிநிலையில் வைத்தல் போன்றவற்றுக்கு உச்ச ஆற்றல் தேவைப்படுவதில்லை. விளம்பரங்களில் உச்ச அளவு பெரிய எழுத்தில் தரப்படுவதால், தாழ்ந்த அளவைத் தனியே கேட்டறிதல் நன்று.

இண்டக்சன் அடுப்பு எனப் பரவலாக அறியப்படும் மின்தூண்டல் அடுப்பில், கண்ணாடிப் பரப்பின் அடியிலுள்ள கம்பிச்சுருள் விரைந்து மாறும் காந்தப்புலத்தை உண்டாக்கி, பாத்திரத்தின் அடிப்பகுதியிலேயே வெப்பத்தைத் தோற்றுவிக்கிறது. எரிவாயு அடுப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெப்பமே பாத்திரத்தைச் சென்றடைகிறது. மின்தூண்டல் அடுப்பில் பெரும்பகுதி சென்றடைகிறது. ஆனால் காந்தம் ஒட்டும் பாத்திரங்கள் மட்டுமே இதற்கு உதவும். சாதாரண அலுமினியம், பித்தளை, மண் பாத்திரங்கள் பயன்படா. மேலும், 240 வோல்ட்டில் 40 அல்லது 50 ஆம்பியர் மின்சுற்று இதற்குத் தனியே தேவை. வீட்டின் மொத்த இணைப்பு 60 அல்லது 100 ஆம்பியராக இருக்கும் பழைய வீடுகளில், மின் விநியோகப் பலகையையே மாற்ற நேரிடலாம்.

எரிவாயுச் சுடர் நைட்ரசன் டைஆக்சைடை வெளியிடுகிறது. இது மூச்சுக்குழாயை உறுத்தும் வளிமமாகும். இதன் பொருட்டும் காலநிலை மாற்றத்தின் பொருட்டும் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரம் 2019இல் புதிய கட்டடங்களுக்கு எரிவாயு இணைப்பைத் தடைசெய்தது. 2023இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தடையைச் செல்லாதென அறிவித்தது. நகரம் 2024இல் அதனைத் திரும்பப் பெற்றது.

புகை உறிஞ்சியும் ஈடுகாற்றும்

மறுசீரமைப்பில் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும், தவறினால் உயிருக்கே கேடு விளைவிப்பதும் இப்பகுதியே. அடுப்பின் மேல் பொருத்தப்படும் புகை உறிஞ்சி புகையையும் ஈரத்தையும் எண்ணெய்த் துளிகளையும் காற்றுக் குழாய் வழியே வெளியே தள்ளுகிறது. அதன் திறன் நிமிடத்துக்கு இத்தனை கன அடி என அளக்கப்படும்.

தேவையான திறனைக் கணிக்க இரு விதிகள் வழக்கில் உள்ளன. சுவரோர அடுப்பின் ஒவ்வோர் அடி அகலத்துக்கும் 100 கன அடி என்பது ஒன்று. 48 அங்குல அடுப்புக்கு இது 400 ஆகிறது. எரிவாயு அடுப்பின் ஒவ்வொரு 100 பி.டி.யு.வுக்கும் ஒரு கன அடி என்பது மற்றொன்று. மேலே கண்ட அடுப்புக்கு இது 1,380 ஆகிறது. விடைகள் மூன்று மடங்குக்கு மேல் வேறுபடுகின்றன. எல்லாச் சுடர்களும் ஓவனும் ஒரே நேரத்தில் முழு அளவில் எரியும் என இரண்டாம் விதி கொள்கிறது. வீட்டில் அவ்வாறு நிகழ்வது அரிது. அடுப்பின் முன்வரிசையையும் மறைக்கும் ஆழமும் அடுப்பைவிடச் சற்றே மிகுந்த அகலமும் கொண்ட உறிஞ்சி, குறைந்த திறனிலும் புகையைச் சிறப்பாகப் பிடிக்கும். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் சோதனைகளில், முன்வரிசைச் சுடர்களைவிடப் பின்வரிசைச் சுடர்களின் புகையே மிகுதியாகப் பிடிபட்டது. கூடுதல் செலவின்றிப் பின்வரிசையில் சமைப்பது இதனால் கிடைக்கும் எளிய பயன்.

வெளியே தள்ளப்படும் காற்றுக்கு ஈடாக அதே அளவு காற்று வீட்டினுள் வந்தாக வேண்டும். 2,000 சதுர அடிப் பரப்பும் 8 அடி உயரமும் கொண்ட வீட்டில் 16,000 கன அடிக் காற்று உள்ளது. நிமிடத்துக்கு 1,200 கன அடி உறிஞ்சும் கருவி அதனை ஏறத்தாழ 13 நிமிடத்தில் வெளியேற்றிவிடும். கதவும் சன்னலும் இறுக மூடப்பட்ட வீட்டில், ஈடுகாற்று மிக எளிதான வழியில் நுழையும். வெந்நீர்க் கொதிகலனின் புகைபோக்கி அத்தகைய வழியாக அமைந்துவிடுவதுண்டு. இயல்பான வெப்ப ஏற்றத்தால் மட்டுமே புகை வெளியேறும் பழைய கொதிகலன்களில், வீட்டினுள் அழுத்தம் சில பாஸ்கல் குறைந்தாலே புகை திசைதிரும்பி, நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு அறைக்குள் வரக்கூடும். கொதிகலன் அடித்தளத்திலும் அடுப்பு மேல்தளத்திலும் இருப்பதால், இரண்டுக்குமுள்ள தொடர்பு வீட்டினருக்கு எளிதில் புலப்படுவதில்லை.

இதனைத் தடுக்கவே, அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் மாதிரிக் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, இத்தகைய கொதிகலன் அல்லது உலை உள்ள வீட்டில் நிமிடத்துக்கு 400 கன அடிக்கு மேல் உறிஞ்சும் கருவி பொருத்தப்பட்டால் ஈடுகாற்றுக்குத் தனிவழி அமைக்க வேண்டும் என்கிறது. உறிஞ்சி இயங்கும்போது தானே திறக்கும் மடல் கொண்ட காற்றுக் குழாய் இதற்குப் பயன்படுகிறது. குளிர்மிகுந்த மாநிலங்களில் அவ்வாறு வரும் காற்றைச் சூடாக்கவும் வேண்டும். வெளியே −18 °செ, உள்ளே 21 °செ எனக் கொண்டால், நிமிடத்துக்கு 1,200 கன அடிக் காற்றைச் சூடாக்க மணிக்கு ஏறத்தாழ 90,000 பி.டி.யு. தேவைப்படுகிறது. அடுப்புக்காக வாங்கிய விசிறிக்கென மற்றோர் உலை வேண்டியிருக்கும் நிலை இது.

காற்றை வெளியேற்றாமல் கரி வடிகட்டி வழியே அறைக்குள்ளேயே திருப்பிவிடும் உறிஞ்சிகளும் உண்டு. அடுப்பின் மேல் தொங்கும் நுண்ணலை அடுப்புகள் பலவற்றில் இவ்வகையே உள்ளது. இவை எண்ணெய்ப் பிசுக்கை ஓரளவு பிடிக்கும். ஈரத்தையும் கார்பன் மோனாக்சைடையும் நீக்கமாட்டா. காய்ந்த மிளகாய் தாளிக்கும் நெடி இவ்வடிகட்டிகளுக்கு அடங்குவதில்லை என்பதை அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் நன்கறியும்.

குளிர்சாதனப் பெட்டியும் பாத்திரங்கழுவியும்

பொதுவான குளிர்சாதனப் பெட்டி 24 அங்குல ஆழமுள்ள அலமாரி வரிசையிலிருந்து முன்னோக்கி நீண்டு நிற்கும். உள்ளமைப் பெட்டிகள் அகலமும் உயரமும் மிகுந்து, ஆழம் குறைந்து, அலமாரியோடு ஒரே கோட்டில் அமைகின்றன. குளிர்ப்பகுதிக்கும் உறைபகுதிக்கும் தனித்தனி அமுக்கிகள் உள்ள வகைகளில் ஒன்றின் மணம் மற்றொன்றில் கலப்பதில்லை. காய்கறிகளும் விரைவில் உலர்வதில்லை. இவற்றின் குறை வேறிடத்தில் உள்ளது. ஒரு குறிப்பிட்ட பெட்டிக்கென அளந்து செய்யப்பட்ட அலமாரி வாயில், அப்பெட்டி பழுதானபின் அதே அளவுள்ள மற்றொன்றையே ஏற்கும். 

பாத்திரங்கழுவிக்கு 1886இல் காப்புரிமை பெற்றவர் ஜோசபின் காக்ரன் என்னும் அமெரிக்கப் பெண்மணி. இன்றைய கருவிகள் பெரும்பாலும் 24 அங்குல அகலத்தில் அமைவதால் மாற்றுவது எளிது. விலை ஏற ஏற ஓசை குறைவதும் உலர்த்தும் திறன் கூடுவதும் இவற்றின் வேறுபாடுகள். திறந்தவெளிச் சமையலறைகளில் ஓசைக்குக் கொடுக்கும் கூடுதல் விலை வீணன்று.

சமையல் மேடைக் கல்

2000களிலிருந்து அமெரிக்கச் சமையல் மேடைகளில் கருங்கல்லின் இடத்தைச் செயற்கைக் குவார்ட்சுக் கல் பெருமளவு பிடித்துக்கொண்டது. குவார்ட்சுத் துகளைப் பிசினுடன் கலந்து அழுத்திச் செய்யப்படும் இக்கல்லில் கறை எளிதில் படியாது. மரபு வகைகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் சிலிக்கா உள்ளது. கருங்கல்லில் பொதுவாக அதில் பாதியும் இருப்பதில்லை.

பொருத்தப்பட்ட கல் வீட்டில் வாழ்வோருக்குத் தீங்கு செய்வதில்லை. அதனை அறுத்து, துளையிட்டு, விளிம்பைத் தேய்க்கும் தொழிலாளர் மூச்சில் நுண்தூள் புகுந்து, சிலிக்கோசிசு என்னும் நுரையீரல் நோய் உண்டாகிறது. இந்நோய்க்குத் தீர்வு இல்லை. முற்றிய நிலையில் நுரையீரல் மாற்றம் மட்டுமே எஞ்சும் வழி. கலிபோர்னியாவில் இந்நோயுற்ற 52 கல் தொழிலாளரைப் பற்றி 2023இல் வெளியான ஆய்வில், அவர்களின் இடைநிலை அகவை 45 எனவும், 10 பேர் இறந்துவிட்டனர் எனவும் கண்டறியப்பட்டது. ஒருவரைத் தவிர அனைவரும் இலத்தீன் அமெரிக்காவிலிருந்து குடிபெயர்ந்தவர்கள். அம்மாநிலம் 2023 திசம்பரில் உலர்நிலையில் அறுப்பதைத் தடுக்கும் அவசர விதிகளைக் கொண்டுவந்தது. ஆசுத்திரேலியா 2024 சூலை 1 முதல் இக்கல்லின் உற்பத்தியையும் பொருத்துதலையும் தடைசெய்தது.

கல்லை வாங்குவோர் பட்டறையில் நீர் பாய்ச்சி அறுக்கிறார்களா எனக் கேட்டறியலாம். குழாய்த் துளை, மின்துளை ஆகியவற்றின் இடத்தை முன்கூட்டியே உறுதிசெய்தால், வீட்டுக்குள் வைத்து உலர்நிலையில் துளையிடும் தேவை எழாது. கருவிகளை முதலில் தெரிவு செய்ய வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய வீடுகள்

1978க்கு முன் கட்டப்பட்ட வீடுகளில் ஈயம் கலந்த வண்ணப்பூச்சு இருக்கக்கூடும். அவ்வீடுகளில் பணிபுரியும் நிறுவனங்கள் ஈயத்தூளைக் கட்டுப்படுத்தும் பயிற்சிச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்னும் கூட்டாட்சி விதி 2010 ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்தது. பழைய தரை ஓடுகளிலும் அவற்றை ஒட்டிய பசையிலும் கல்நார் இருப்பதுண்டு. சோதிக்காமல் பெயர்த்தெடுப்பதைவிட, அவற்றின் மேலேயே புதிய தரை அமைப்பது பல வேளைகளில் பாதுகாப்பானது. சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையிலுள்ள சுவரை அகற்றுவதாயின், அது கூரையின் பளுவைத் தாங்கும் சுவரா எனக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் பார்த்தாக வேண்டும்.

செலவும் ஒப்பந்தமும்

கட்டுமான இதழ் ஒன்று ஆண்டுதோறும் வெளியிடும் மதிப்பீட்டின்படி, 2024இல் சுமார் 27,500 டாலர் செலவிலான சிறு சமையலறைப் புதுப்பிப்பில் 96 விழுக்காடு வீட்டை விற்கும்போது திரும்பக் கிடைத்தது. சுமார் 1,58,500 டாலர் செலவிலான உயர்தர மறுசீரமைப்பில் 38 விழுக்காடே திரும்பக் கிடைத்தது. முகவர்கள் "முதலீடு" எனச் சொல்வது முதல் வகைக்கு ஓரளவு பொருந்தும். இரண்டாம் வகை, வாழ்வோரின் விருப்பத்துக்காகச் செய்யும் செலவே.

பணி பொதுவாக இடித்தல், குழாய் மற்றும் மின்கம்பி இடுதல், நகராட்சி ஆய்வு, சுவர் மூடுதல், அலமாரி பொருத்துதல், கல்லுக்கு அளவெடுத்தல், கல் பொருத்துதல், கருவிகளை இணைத்தல் என்னும் வரிசையில் நடைபெறும். அலமாரி பொருத்தியபின்தான் கல்லுக்கு அளவெடுக்க இயலும் என்பதால், இடையில் சில வாரங்கள் தொட்டியும் குழாயும் இன்றிக் கழிப்பது தவிர்க்க முடியாதது. 2020க்கும் 2022க்கும் இடையே நிலவிய பற்றாக்குறையின்போது உயர்விலைக் கருவிகள் சில வந்துசேரப் பல மாதங்கள் ஆயின. எனவே கருவிகள் களஞ்சியத்துக்கு வந்தபின்னரே இடிக்கத் தொடங்கும் வழக்கம் சில ஒப்பந்தக்காரரிடம் தோன்றியது.

கலிபோர்னியாவில் ஒப்பந்தக்காரர் பெறும் முன்பணம், ஒப்பந்தத் தொகையில் 10 விழுக்காடு அல்லது 1,000 டாலர் ஆகியவற்றுள் எது குறைவோ அதற்கு மிகாமல் இருத்தல் வேண்டும். முதன்மை ஒப்பந்தக்காரருக்கு முழுத் தொகையும் கொடுத்துவிட்ட பின்னரும், அவர் தம் கீழ்ப் பணியாற்றிய குழாய்ப் பணியாளருக்கோ அலமாரி வழங்கியவருக்கோ பணம் தராவிடில், அவர்கள் வீட்டின் மீதே உரிமைப்பற்று பதிவுசெய்யப் பல மாநிலச் சட்டங்கள் இடமளிக்கின்றன. இதனால் ஒவ்வொரு தவணையின்போதும், பணம் பெற்றுக்கொண்டதாகவும் உரிமைப்பற்றைக் கைவிடுவதாகவும் கீழ் ஒப்பந்தக்காரர் ஒவ்வொருவரிடமும் எழுத்து வடிவில் ஒப்புதல் பெறப்படுகிறது.